ரூஃபினை எந்த இஸ்க்ரா தூக்கும்?

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. கீழ்வீட்டு ரூஃபின் ஷிமூரா கேட்டு வாங்கியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஒரு மனிதர் உயிரோடு இருக்கும்போதே அவருடைய அடக்கத்தை எழுதிய ராட்சசி என்று பிறகு யாரும் என்னை ஏசக் கூடாது.

போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அவர் மனைவி ஹில்டா உருளைக்கிழங்கு உருண்டைகளின்மேல் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தாள். ரூஃபின் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"லுட்மிலா, நீ கதை எழுதுறவதானே?"

"அப்படித்தான் சொல்லிக்கிறேன்."

"என் அடக்கத்தை எழுதேன்."

ஹில்டா கரண்டியை ணங்கென்று வைத்தாள். "ஞாயித்துக்கிழமையும் அதுவுமா வாயில வர்ற வார்த்தையைப் பாரு! சாப்பிடுற நேரத்துல பேசுற பேச்சா இது?"

"சும்மா இரு ஹில்டா. டாக்டரே சொல்லிட்டாரு, இவ சொன்னா என்ன? கேளு லுட்மிலா. நான் சாகறதை எழுத வேணாம், அதுல ஒண்ணும் இல்ல. அடக்கத்தை எழுது. ரெண்டு இஸ்க்ராவும் சேர்ந்து வந்து என்னைத் தூக்குற மாதிரி எழுது. எழுதி அதுகளை நடத்துற ரெண்டு பயலுக்கும் படிச்சுக் காட்டு. வெக்கம் வருதான்னு பார்ப்போம்."

"ஒரு இஸ்க்ரா மட்டும் வந்தா?"

"கூடாது. சேர்ந்து வரணும். இல்லைன்னா ரெண்டு பேருமே வரவேணாம். இதையும் எழுது, கொட்டை எழுத்துல எழுது."

இஸ்க்ரா என்பது எங்கள் ஷாரோவா ஊரின் கால்பந்து கிளப். அதில் ஆடியவர் இறந்தால் வழக்கம் ஒன்று உண்டு. அப்போது ஆடுகிற பையன்கள் விளையாட்டுச் சட்டையோடு வந்து பெட்டியைத் தோளில் சுமப்பார்கள். கிளப்பின் கொடி முன்னே போகும். குழிக்குமேல் அதை மூன்று தடவை தாழ்த்துவார்கள். ஊரில் எத்தனையோ கிழவர்கள் இதற்காகவே நிம்மதியாகச் செத்தார்கள். ஆனால் இப்போது ஊரில் இரண்டு இஸ்க்ரா இருக்கிறது. ஒரே பெயர், ஒரே கறுப்புப் பச்சை, சட்டையில் கிளப் தொடங்கிய அதே வருடம். மேட்டு மைதானத்தில் ஆடுவது மேல் இஸ்க்ரா. ஆற்றோரம் ஆடுவது கீழ் இஸ்க்ரா. ஒருவர் இருக்கும் இடத்துக்கு மற்றவர் வருவதில்லை, சர்ச்சுக்குக்கூட வேறு வேறு பூசைக்குத்தான் போகிறார்கள்.

2

தொடக்கத்தோடு பல நாள் மல்லுக்கட்டினேன். வீணாய்ப் போனவற்றை மறைக்கப் போவதில்லை.

"1923இல், சுரங்கத்திலிருந்து ஏறிவந்த பதினோரு பேர், முகம்கூடக் கழுவாமல், ஒரு பந்தை…"

(விட்டுவிட்டேன். பதினோரு பேர் என்று யார் எண்ணிப் பார்த்தது? ஒன்பது பேர்தான், அதில் ஒருவருக்கு ஒரு கண் கிடையாது என்று என் மாமனார் சொல்வார். முகம் கழுவாமல் வீட்டுக்குள் போனாலே எங்கள் ஊர்ப் பெண்கள் தோலை உரித்துவிடுவார்கள்.)

"கால்பந்து என்பது…"

(இப்படித் தொடங்கும் எதையும் நானே படிக்க மாட்டேன்.)

"அன்று மழை பெய்துகொண்டிருந்தது."

(என்றைக்குப் பெய்யவில்லை?)

ஆகவே வரலாற்றை நேராகவே சொல்லிவிடுகிறேன். கிளப் தொடங்கிப் பதினாறு வருடத்தில் போர் வந்தது. ஊரைப் பிடித்தவர்கள் இஸ்க்ரா என்ற பெயரைத் தடைசெய்து, தங்கள் மொழியில் ஒரு பெயர் வைத்து, அதே மைதானத்தில் அதே ஆட்களை ஆடச் சொன்னார்கள். பாதிப் பேர் ஆடினார்கள், பாதிப் பேர் மறுத்தார்கள். ஆடாதவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. போர் முடிந்தபிறகு, நீ ஆடினாயே, நீ ஓடினாயே என்று பத்து வருடம் ஒருவரை ஒருவர் குத்திக்காட்டினார்கள். ஆக, இரண்டாகப் பிளப்பது எங்களுக்குப் புதிதல்ல, நன்றாகவே பழகியிருக்கிறோம்.

அப்புறம் சுரங்கம் கிளப்பைத் தத்தெடுத்தது. ஆட்டக்காரர்கள் எல்லாரும் சுரங்கத் தொழிலாளிகள் என்று பதிவானார்கள்.* அதுதான் இஸ்க்ராவின் நல்ல காலம். 1974இல் நாட்டுக் கோப்பையின் அரையிறுதிவரை போனோம். கடைசி நிமிடத்தில் ரூஃபின் இடது பக்கத்திலிருந்து அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. பஸ்ஸை அரை நிமிடத்தில் தவறவிட்டவர்கள் எங்கள் ஊரில் இன்றும் ரூஃபினைத்தான் திட்டுகிறார்கள். அவரும் அதில் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்வார்.

* ரூஃபின் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் குழிக்குள் இறங்கினார், அதுவும் போட்டோ எடுக்க. ஆனால் வாங்குவது சுரங்கக்காரர் பென்ஷன். எதிர்வீட்டில் நிஜமாகவே முப்பது வருடம் கரி வெட்டி நுரையீரலைத் தொலைத்த ஒருவர் இருந்தார். "நீ மேல ஓடினே, நான் கீழ ஓடினேன், ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்குது" என்று ரூஃபினைக் கிண்டல் செய்வார். அவர் செத்தபோது அழுதவர்களில் ரூஃபின்தான் சத்தமாக அழுதார்.

பிறகு சுரங்கத்தை மூடினார்கள். கிளப்பும் ஒவ்வொரு டிவிஷனாகக் கீழே இறங்கியது. இந்த இடத்தில் ஒரு உருக்கமான பத்தி எழுதியிருந்தேன், ஹில்டா படித்துவிட்டு, "எழவு வீட்டுல ஒப்பாரிக்குக் கூலி வாங்குற மாதிரி இருக்கு" என்றாள். எடுத்துவிட்டேன்.

3

இப்போது கதைக்கு ஒரு வில்லன் வேண்டும். போகுஷ் லிசோன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்.

"தங்க மோதிரங்கள் நெருக்கிய விரல்களால் போகுஷ் தன் தொப்பையைத் தடவியபடி…"

(அடித்துவிட்டேன். போகுஷ் ஒல்லி. மோதிரம் கிடையாது, கல்யாண மோதிரத்தைக்கூடத் தொலைத்துவிட்டார்.)

பிளாஸ்டிக் ஜன்னல் செய்து விற்கிறவர். ஊரில் பாதி வீட்டுக்கு அவர்தான் ஜன்னல் வைத்தார், என் வீட்டிலும் அவருடையதுதான், குளிர்காலத்தில் கொஞ்சம்கூடக் காற்று வராது. கிளப் மூடப்போகிறது என்று வந்தபோது யாரும் கை நீட்டவில்லை, அவர்தான் எடுத்துக்கொண்டார். ஆனால் எடுத்த கையோடு ஒரு காரியம் செய்தார் பாருங்கள். கறுப்புப் பச்சைச் சட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, பையன்களுக்குத் தன் கம்பெனியின் ஆரஞ்சு நிறத்தை மாட்டிவிட்டார்.

ஐயோ சாமி! கல்லறையில் கிடப்பவர்கள்கூடப் புரண்டு படுத்திருப்பார்கள்.

ஏன் அப்படிச் செய்தார்? பேராசை என்றுதான் முதலில் எழுதினேன். ஆனால் அந்த மனுசனுடைய அப்பா அதே மைதானத்துப் படியில், சூரியகாந்தி விதை கொறித்தபடியே, மாரடைப்பில் போனவர். இஸ்க்ரா தோற்ற ராத்திரிகளில் போகுஷ் சாப்பிட மாட்டார் என்று அவர் மனைவி ரொட்டிக்கடையில் புலம்பியதை என் காதால் கேட்டிருக்கிறேன். இப்படிப்பட்ட ஆளை எப்படி வில்லனாக்குவது? ஆரஞ்சு நிறம் அழகாக இருக்கும் என்று அவர் உண்மையாகவே நம்பியிருப்பாரோ என்று சந்தேகமாக இருக்கிறது. என் ஜன்னல் கைப்பிடியின் நிறத்தைப் பார்க்கும்போது அதற்கும் வாய்ப்பு உண்டு.

4

இனி எல்லாவற்றுக்கும் காரணமான சமாச்சாரம். எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் இப்படியொரு முட்டாள்தனம் செய்திருக்க முடியாது. இதில் நான் கற்பனை எதையும் சேர்க்கவில்லை, சேர்க்க இடமே இல்லை.

சேவெரின் என்று ஒருவன், நகர பஸ் ஓட்டுகிறவன், ரசிகர் கூட்டத்தின் தலைவன். ஆரஞ்சு போகிறவரை மைதானத்துக்குள் காலை வைப்பதில்லை என்று எல்லாரிடமும் சத்தியம் வாங்கினான். ஆனால் ஆட்டம் நடக்கும்போது வீட்டில் உட்கார்ந்திருக்க அவர்களால் முடியுமா? மைதானத்தை ஒட்டி ஒரு கரிக்கழிவு மேடு இருக்கிறது. ஆட்டத்துக்கு ஆட்டம் நானூறு ஐந்நூறு பேர் அதன்மேல் ஏறி, கொடியும் மேளமுமாக நின்று, மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாடுவார்கள். தொண்ணூறு நிமிடமும் முதுகுதான். கோல் விழுந்தாலும் திரும்ப மாட்டார்கள். திரும்பியவனுக்கு அடுத்த வாரம் மேளம் கிடையாது.

இரண்டு வருடம் இப்படி. முதுகைப் பார்த்து ஆடி ஆடிப் பையன்கள் சோர்ந்துபோனார்கள். போகுஷும் சோர்ந்துபோனார்.

ஒரு ஏப்ரல் மாதச் சனிக்கிழமை அவர் விட்டுக்கொடுத்தார். யாரிடமும் சொல்லவில்லை. அறிவிக்க மானம் இடம் கொடுக்கவில்லை போலிருக்கிறது. பையன்களுக்குப் பழைய கறுப்புப் பச்சையை மாட்டி மைதானத்துக்குள் அனுப்பினார். மேட்டிலிருந்து பார்த்து, ஓவென்று கத்திக்கொண்டு எல்லாரும் இறங்கி ஓடி வருவார்கள் என்று நினைத்திருக்கிறார்.

யார் பார்த்தது? எல்லாரும்தான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்களே!

படியில் பென்ஷன்காரர்கள் கொஞ்சம் பேர் இருந்தார்கள், அவர்களில் ரூஃபினும் ஒருவர். எழுந்து நின்று கத்தினார். "திரும்பிப் பாருங்கடா! சட்டையைப் பாருங்கடா டேய்!" மேளச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? ஆட்டம் முடிந்து கூட்டம் பாடிக்கொண்டே மறுபக்கமாக இறங்கிப் போய்விட்டது. மறுநாள் பேப்பரில் போட்டோவைப் பார்த்த சேவெரின், "இது பொறி. நம்மளை உள்ள இழுத்துட்டு மறுபடி ஆரஞ்சைப் போடுவான்" என்றான். அந்த வாரமே கீழ் இஸ்க்ராவைப் பதிவு செய்தார்கள். பழைய கொடியையும் கிளப் அலுவலக ஜன்னல் வழியாக எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த ஜன்னலும் போகுஷ் வைத்ததுதான்.

பதினாலு வருடம் ஓடிவிட்டது. இரண்டும் இப்போது நாட்டின் கடைசி டிவிஷனுக்கு ஒரு படி மேலே கிடக்கின்றன. ஒன்றுக்கு மைதானம் இருக்கிறது, ஆள் இல்லை. மற்றதற்கு ஆள் இருக்கிறது, மழை பெய்தால் மைதானம் ஆற்றோடு போய்விடுகிறது.

அந்தச் சனிக்கிழமையைப் பற்றி ரூஃபினிடம் கேட்டேன்.

"மேட்டுல ஏறியிருக்கணும். ஏறிப் போய் ஒருத்தன் தோளையாவது புடிச்சுத் திருப்பியிருக்கணும்."

"உங்க முட்டிதான் போச்சே, எப்படி ஏறுவீங்க?"

"முட்டி என்ன முட்டி! கர்வம். நான் எதுக்கு ஏறணும், அவனுக இறங்கட்டும்னு நெனச்சேன். என் பேச்சை அவனுக கேட்டிருப்பானுக லுட்மிலா. இந்த ஊர்ல அன்னிக்கு என் பேச்சை மட்டும்தான் கேட்டிருப்பானுக."

அதைச் சொன்னபோது அவர் முகம் சுருங்கிப்போனது. கம்பத்தில் பட்ட பந்தைப் பற்றிப் பேசும்போது ஒருநாளும் அப்படி ஆனதில்லை.

5

கேட்டபடியே எழுதினேன். முதல் முடிவு இதோ:

"இரண்டு அணியின் பையன்களும் பக்கத்துக்கு மூவராகப் பெட்டியைத் தூக்கினார்கள். யார் மேல், யார் கீழ் என்று சட்டையைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. குழிக்குமேல் கொடி தாழ்ந்தது. சேவெரின் போகுஷின் தோளில் முகம் புதைத்து…"

சேவெரினுக்கு அவனுடைய பஸ்ஸிலேயே, கடைசி நிறுத்தத்தில் படித்துக் காட்டினேன். ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

"அக்கா, நான் அவன் தோள்ல அழுவேனா? என் மானத்தை வாங்கணும்னே எழுதினியா?"

"சரி, அழ வேணாம். பக்கத்துல நிப்பியா?"

"பழைய கொடி எங்ககிட்ட இருக்கு. கொடிதான் முன்னாடி போகணும். அவன் பின்னாடி வரட்டும், நான் என்ன தடுக்கவா போறேன்?" பஸ் கதவைத் திறந்து மூடினான். "அன்னிக்கு நாங்க முதுகைத்தான் காட்டினோம், காதை அடைச்சுக்கல. யாராவது ஒருத்தர் வந்து தோளைத் தட்டியிருந்தா திரும்பியிருப்போம். ஒருத்தரும் வரலையே அக்கா." அப்புறம் குரலை இறக்கிக் கேட்டான். "சேர்ந்து வரலைன்னா யாருமே வேணாம்னு மாமா சொன்னது நெசமா?"

"நெசம்தான்."

"அப்படின்னா மாமா பேச்சை மீற மாட்டேன்."

போகுஷ் காபி கொடுத்து உட்கார வைத்தார். முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நல்லா எழுதியிருக்கீங்கம்மா. ஒரே ஒரு திருத்தம். 'இரண்டு அணி'ன்னு போட்டிருக்கீங்க. சட்டப்படி இஸ்க்ரா ஒண்ணுதான். அவங்களை வேணா 'ரசிகர்கள்'னு போடுங்களேன்."

"ரூஃபின் ரெண்டு இஸ்க்ரான்னுதான் சொன்னாருங்க."

"அவர் பெரியவர், சொல்லலாம். நான் எப்படி ஒத்துக்கிறது? கொடியை ஜன்னல் வழியா தூக்கிட்டுப் போனவங்க பின்னால நான் நடக்கணுமா?" கண்ணாடியைத் துடைத்தார். "சேர்ந்து வரலைன்னா வேணாம்னா சொன்னாரு?"

"ஆமா."

"சரிங்க. அவர் வார்த்தைக்கு நான் கட்டுப்படறேன்."

இரண்டு பேரும் எவ்வளவு மரியாதையானவர்கள், பார்த்தீர்களா?

6

கோபத்தில் இரண்டாவது முடிவை எழுதினேன். ஷாரோவா கல்லறைக்கு இரண்டு வாசல்.

"வடக்கு வாசலில் மேல் இஸ்க்ரா நின்றது. தெற்கு வாசலில் கீழ் இஸ்க்ரா நின்றது. எல்லாரும் இஸ்திரி போட்ட கறுப்புப் பச்சையில். மற்றவர்கள் வந்தால் உள்ளே போகலாம் என்று இவர்கள் காத்திருந்தார்கள். இவர்கள் வந்தால் போகலாம் என்று அவர்கள் காத்திருந்தார்கள். யாரும் பெரியவர் பேச்சை மீறவில்லை. கூலியாட்கள் பெட்டியை இறக்கினார்கள். பாதிரியார் சீக்கிரமாக முடித்தார். ஹில்டா மட்டும் நின்றாள்."

பிப்ரவரியில் ரூஃபினிடம் படித்துக் காட்டினேன். அப்போதே படுக்கையோடு படுக்கையாகிவிட்டார். படித்திருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது. அவர் முதலில் சிரித்தார், சிரிப்பு இருமலாகி, ஹில்டா ஓடிவந்து தலையணையைத் தூக்கிவைத்தாள்.

"பயல்களை நல்லாப் புரிஞ்சு வச்சிருக்கே. இதைத்தான் செய்வானுக. அச்சு அசல் இதையேதான்."

"கதைதானே, மாத்திடலாம்."

சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்:

"அந்த வரியை அடிச்சிரு."

"எந்த வரியை?"

"சேர்ந்து வரலைன்னா யாரும் வேணாம்ங்கிறதை. யாராச்சும் ஒருத்தன் வரட்டும். எவனா இருந்தாலும் சரி. எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு லுட்மிலா."

"நீங்களே ரெண்டு பேருக்கும் போன் பண்ணிச் சொல்லிடுங்க," என்றேன்.

"நாளைக்குச் சொல்றேன். இன்னிக்குக் குரல் சரியில்ல."

மறுநாள் கேட்டேன். அதற்கு மறுநாளும் கேட்டேன். "சொல்றேன்னு சொன்னேன்ல, நச்சரிக்காதே," என்று எரிந்து விழுந்தார். அந்தக் கரிமேட்டைப் போல இதிலும் அவரால் ஏற முடியவில்லை என்று ஒரு வாக்கியம் எழுதி, கேவலமாக இருந்ததால், அடித்…

7

ரூஃபின் செவ்வாய்க்கிழமை இறந்துபோனார்.

இன்று வியாழன். அடக்கம் சனிக்கிழமை. இதுவரை நான் எழுதியது கதை, ஒப்புக்கொள்கிறேன். இனிமேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

சேவெரினும் போகுஷும் நேற்று வந்து ஹில்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு துக்கம் சொன்னார்கள், ஆளுக்கொரு நேரத்தில். மாமா பேச்சுக்குக் கட்டுப்படுகிறோம் என்று இரண்டு பேரும் சொன்னார்கள். அவர்களுக்குத் தெரிந்த பேச்சு பழையது. அதைக் கொண்டுபோய்ப் படித்தவள் நான்தான். அடிக்கச் சொன்ன வரி என் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். ஹில்டா அப்போது தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போயிருந்தாள்.

என் நிலைமையைப் பாருங்கள். சொல்லாமல் விட்டால் நான் எழுதிய இரண்டாவது முடிவு அப்படியே நடக்கும், ஒரு எழுத்துப் பிசகாமல். சேவெரினிடம் மட்டும் சொன்னால் கீழ் இஸ்க்ரா தூக்கும். தூக்கியவனே உண்மையான இஸ்க்ரா என்று அன்றைக்கே ஊர் தீர்ப்புச் சொல்லிவிடும், மேல் இஸ்க்ரா அதை ஏழு தலைமுறைக்கும் மறக்காது. போகுஷிடம் மட்டும் சொன்னாலும் இதே கதிதான். இருவரிடமும் சொன்னால்? 'எவனா இருந்தாலும் சரி' என்றதும் எங்கள் ஊரில் யார் முதலில் என்று ஓட்டப்பந்தயம் நடக்கும், பெட்டியை வைத்துக்கொண்டே தள்ளுமுள்ளு நடக்கும். சேர்த்துவைக்கத்தான் அந்த மனுசன் இந்தக் கதையையே கேட்டார்.

(அல்லது இருவரும் கேட்டுவிட்டு அழுவார்கள், ஆளுக்கு மூன்று தோள் அனுப்புவார்கள். இதை எழுத ஆசையாக இருக்கிறது. எழுதினால் அது நடக்காமல் போய்விடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. இந்த அடைப்புக்குறிக்குள்ளேயே வைத்துவிடுகிறேன்.)

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஹில்டா மாடியேறி வந்தாள். கறுப்பு உடுப்பின் கையைச் சின்னதாக்கித் தைத்திருந்தாள். மேசையில் கிடந்த தாள்களைப் பார்த்தாள்.

"முடிச்சிட்டியா?"

"இன்னும் இல்ல ஹில்டா."

"அவன் கேட்டதை எழுதிக்கோ, உன் இஷ்டத்துக்கு எழுதிக்கோ, எனக்கு அதெல்லாம் தெரியாது. அடக்கம் பண்றவங்க போன்ல கேக்கிறாங்க. பெட்டியைத் தூக்க உங்க ஆளு வருவாங்களா, இல்ல நாங்க கூலிக்கு ஆள் அனுப்பட்டுமான்னு." நாற்காலியில் உட்கார்ந்தாள். "அம்பது வருசம் அவன் சட்டையைத் துவைச்சேன். கூலிக்காரன் தூக்கிட்டுப் போறதை என்னால பார்க்க முடியாது. நான் என்ன சொல்லட்டும், சொல்லு."

அவள் இன்னும் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள். போன் நடுவில் இருக்கிறது. இரண்டு பேருடைய நம்பரும் எனக்கு மனப்பாடம்.

என் கதைகளின் முடிவை நான் யார் கையிலும் கொடுத்ததில்லை. இதைக் கொடுக்கிறேன். உங்களுக்கு ரூஃபினைத் தெரியும் இப்போது, அந்த இரண்டு பேரையும் தெரியும். சீக்கிரம் சொல்லுங்கள், அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.